அந்தோணிப்பிள்ளை அங்கிள் ஆறு நாள் ஆண்ட கதை

வாழ்க்கையில் நான் ஒரே ஒரு தேர்தலைத்தான் நடத்தியிருக்கிறேன். அதில், யார் வேண்டவே வேண்டாம் என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதிக் கொடுத்தார்களோ, அவரையே ஜெயிக்க வைத்தேன். கள்ள ஓட்டு போடவில்லை, பெட்டியை மாற்றவில்லை, யாரும் என்னை மிரட்டவும் இல்லை. முழு நேர்மையோடு, ஐந்து வருடப் படிப்பின் பலத்தோடு, ஒரே ஒரு பொத்தானை அழுத்திச் செய்தேன். (இதுக்காக ஊர்ல ரவுடிங்க எவ்வளவு கஷ்டப்படறாங்க!)

அந்தப் படிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சி. பாதி கணினி அறிவியல், பாதி அரசியல் அறிவியல். ஓட்டுகளை எப்படி எண்ணினால் ஜனங்களின் மனதில் இருப்பது சரியாக வெளியே வரும் என்பதைக் கணினியை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கணினித் துறையில் "இது அரசியல்" என்றார்கள். அரசியல் துறையில் "இது கணக்கு" என்றார்கள். இரண்டு துறைக்கும் சேர்த்து எனக்கென்று இருந்தது ஒரு மேசை, அதுவும் பிரிண்டர் அறையில். யாராவது காகிதம் எடுக்க வந்தால் நான் எழுந்து வழி விட வேண்டும். கரூரிலிருந்து அம்மா போனில், "கட்சியிலயும் சேரல, கம்பெனியிலயும் சேரல. அப்ப அஞ்சு வருஷமா நீ என்னதான்டி பண்ற?" என்று கேட்பாள். பதில் தெரிந்திருந்தால் ஆய்வேட்டின் முன்னுரையை எப்போதோ முடித்திருப்பேன்.

நான் சேர்ந்தபோது மெல்பர்னின் ஓரத்தில், டார்னெய்ட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே வெறும் புல்வெளி. பிறகு அங்கே தெரு வந்தது, வீடு வந்தது, குடும்பம் வந்தது, அவர்கள் வேலியில் மல்லிக்கொடி படர்ந்து பூத்தும் விட்டது. என் ஆய்வேடு மட்டும் அஸ்திவாரத்திலேயே நின்றது. காலையில் எழும்போதே களைப்பாக இருக்கும். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் டாக்டர் ஆகிவிட்டார்கள். நான் மட்டும் பிரிண்டருக்குத் துணையாக இருந்தேன்.

எனக்கு இருந்த ஒரே பெருமை நாலாம் அத்தியாயம். அதில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு இருந்தது. சில உள்ளூர்த் தேர்தல்களில் ஓட்டுப் போட்டவர்களிடம் "உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டிருந்தோம். அதே ஆட்கள் எங்களுக்கு நிரப்பிக் கொடுத்த மாதிரி ஓட்டுச்சீட்டுகளை என் கணினி நிரல் எண்ணியது. முடிவு அதிர்ச்சி. வாயால் யாரைப் பிடிக்கும் என்றார்களோ, சீட்டில் அவருக்கு நேர் எதிரானவர்தான் ஜெயித்தார்! மனித மனதின் ரகசியத்தையே திறந்துவிட்டதாக நினைத்தேன். அரசியல் துறையில் என் வழிகாட்டியான பேராசிரியை ஹெலன், "துணிச்சலான முடிவு" என்றார். கொஞ்சம் யோசித்து, "நிஜத் தேர்தல் ஒன்றை நீயே நேரில் நடத்திப் பாரேன்" என்றும் சொன்னார். நானும் போய் மாட்டிக்கொண்டேன்.

ஸ்பிரிங்வேல் பக்கம் ஒரு வாடகை ஹாலில் எங்கள் தமிழ் மன்றம் கூடும். பாதிப் பேர் எங்களைப் போலத் தமிழ்நாட்டுக்காரர்கள், பாதிப் பேர் இலங்கைத் தமிழர்கள். வருடா வருடம் கை தூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். யார் யாருக்குக் கை தூக்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுவதால், அடுத்த மூன்று மாதம் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேச மாட்டார்கள். நான் செயற்குழுவில் எழுந்து, "ரகசிய ஓட்டு வைப்போம். நாலு பேர் பெயர் போட்ட சீட்டு. ரொம்பப் பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, பிடிக்காதவருக்கு நாலு. இங்கே ஆஸ்திரேலியத் தேர்தலில் எண் போடுகிற மாதிரியே. என் கணினி எண்ணிவிடும்" என்றேன். கைதட்டினார்கள்.

என் கணவர் சரவணன் மட்டும் காரில் வரும்போது, "ஊர் வம்பு நமக்கெதுக்கு?" என்றார்.

"இது வம்பு இல்ல. தரவு," என்றேன். (அந்தத் திமிரை இப்ப நெனச்சாலும் என்னை நானே அறையலாம் போல இருக்கு.)

நாலு வேட்பாளர்கள். ரஞ்சனி என்ற நர்ஸ் ஜெயிப்பார் என்பது ஹாலின் கதவுக்குக்கூடத் தெரியும். கல்யாணமோ சாவோ, முதலில் வந்து நிற்கிறவர் அவர். இன்னும் இரண்டு பேர் சும்மா எண்ணிக்கைக்கு நின்றார்கள். நாலாவது ஆள் அந்தோணிப்பிள்ளை அங்கிள். இலங்கையில் மன்னார்க்காரர். மெல்பர்னில் பல வருடம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். டிராமை விட்டு இறங்கினாலும் தண்டவாளத்தை விட்டு இறங்காதவர். மன்றத்தின் விதிப்புத்தகம் அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். பசியோடு வரிசையில் நிற்கிறவர்களைத் தடுத்து, "போன கூட்ட அறிக்கையை வாசிச்சுப்போட்டுத்தான் சாப்பாடு. விதி எண்டால் விதி" என்பார். குழந்தைகள் அழும், சுடச்சுட வந்த மீன் ரோல்ஸ் ஆறும், அவர் பக்கம் பக்கமாக வாசிப்பார். நாலு வருடமாகத் தலைவருக்கு நின்றார். நாலு வருடமும் இரண்டே கை. ஒன்று அவருடையது, இன்னொன்று அவர் மனைவி ஸ்டெல்லா அன்ரியுடையது.

ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் சீட்டில் எண் போட்டுப் பெட்டியில் போட்டார்கள். நான் ஒவ்வொன்றாக மடிக்கணினியில் ஏற்றினேன். (ஏத்துறப்பவே அந்த எண்களை ஒரு மனுஷியா கொஞ்சம் பார்த்திருக்கலாம். பார்க்கல. ஆராய்ச்சியாளர்னா சீட்டைப் பார்க்கக் கூடாதுன்னு நெனப்பு.) பிறகு திரையில் படத்தைப் போட்டு, ஒரு மந்திரவாதியின் கையசைவோடு பொத்தானை அழுத்தினேன்.

நாலு பட்டைகள் வளர்ந்தன. ரஞ்சனியின் பட்டை குட்டையாக நின்றுவிட்டது. அந்தோணிப்பிள்ளை அங்கிளின் பட்டை ஏறியது, ஏறியது, திரையின் மேல்விளிம்பைத் தொட்டது.

ஹாலில் அப்படியொரு அமைதி. எனக்கு அப்போது புரியவில்லை, பிறகு புரிந்தது. ஒவ்வொருவரும் மனதுக்குள், 'நான் போடலையே, இவங்க எல்லாரும் போட்டிருக்காங்க போலிருக்கே' என்று பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணினி சொன்னதைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்துக்காரரைச் சந்தேகிக்கத்தான் தோன்றியது. கடைசியில் ரஞ்சனிதான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும். ஸ்டெல்லா அன்ரி மட்டும் கடித்த ரோல்ஸைத் தட்டிலேயே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி இருந்தார். சந்தோஷத்தில் உறைந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அங்கிள் மேடை ஏறினார். சட்டைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தவர் அதைத் திறக்கவே இல்லை.

"நாலு வருஷமா ரெண்டு கை," என்றார். "என்ர கையும் மனிசியின்ர கையும். என்னை இஞ்ச ஒருத்தருக்கும் பிடிக்காது எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். வெளியில சொல்லாட்டியும் உள்ளுக்குள்ள இவ்வளவு அன்பு வைச்சிருந்திருக்கிறியள். எனக்கு... எனக்கு இது காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

அவர் அழுதார். நானும் அழுதேன். என் நாலாம் அத்தியாயம் கண்ணெதிரே நிரூபணமாகிவிட்டதே! வாயால் சொல்வது ஒன்று, சீட்டில் போடுவது நேர் எதிர். அந்த ஹாலில் அன்று உண்மையிலேயே ஆனந்தப்பட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

திங்கட்கிழமையே அங்கிள் ஆட்சியைத் தொடங்கிவிட்டார். ஹாலில் இரண்டு வருடமாகக் கரகரத்துக்கொண்டிருந்த ஒலிபெருக்கியைச் செவ்வாய்க்கிழமை பழுதுபார்த்தார். வெளியே வர முடியாத வயதான உறுப்பினர்களின் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்வந்தார். புதன்கிழமை மெல்பர்னின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, டார்னெய்ட் வரை காரோட்டி வந்து, ஒரு பெட்டி கேக்கை என் கையில் கொடுத்தார்.

"எல்லாம் உங்களாலதான் பிள்ளை. கை தூக்கச் சொன்னால் சனம் வெக்கப்படுகுது. நீங்கள் அவையின்ர மனசைத் திறந்துபோட்டியள்."

அன்ரி உள்ளே வரவில்லை. காரிலேயே உட்கார்ந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வாழ்த்து இல்லை.

வியாழக்கிழமை சிட்னியில் ஆய்வரங்கம். என் ஐந்து வருடத்தில் கிடைத்த முதல் மேடை. ஹெலன் முன்வரிசையில். நான் நாலாம் அத்தியாயத்தை முழங்கிவிட்டு, சாட்சியாக எங்கள் மன்றத் தேர்தலைக் காட்டினேன். யார் போட்டது என்று தெரியாத ஒரு ஓட்டுச்சீட்டின் படம். பக்கத்திலேயே என் நிரல் அதற்குக் கொடுத்த புள்ளிகள். முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

இரண்டாம் வரிசையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஒரு வயதான பெண்மணி ஊசியை மடியில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். "எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்தான். இந்தச் சீட்டில் ரஞ்சனிக்கு ஒன்று போட்டிருக்கிறார்கள். ஒன்று என்றால் பிடித்தவரா, பிடிக்காதவரா?"

"மிகவும் பிடித்தவர்," என்றேன் பெருந்தன்மையோடு.

"நன்றி. உங்கள் அட்டவணையில் அதிகப் புள்ளி எடுத்தவர் ஜெயிக்கிறார், இல்லையா?"

"ஆமாம்."

"நாலு போட்டவருக்கு நாலு புள்ளி கொடுத்திருக்கிறீர்களே?"

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். ரஞ்சனி, ஒன்று. அந்தோணிப்பிள்ளை, நாலு. ஐந்து வருடத்துக்கு முன்னால், கணினியே உருவாக்கிய கற்பனை வாக்காளர்களுக்காக அந்த நிரலை எழுதினேன். அவர்கள் மதிப்பெண் போடுகிறவர்கள். அதிக எண் என்றால் அதிகப் பிரியம். பிறகு நிஜ மனிதர்களின் சீட்டுகளை அதே நிரலில் கொட்டினேன். நிஜ மனிதர்களுக்கு ஒன்றுதான் உயர்ந்தது என்பதை அதனிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஒரே ஒரு வரி.

"ஓ," என்றேன். சட்டையில் குத்தியிருந்த மைக் அதை அரங்கத்தின் கடைசி நாற்காலி வரை கொண்டுபோனது.

அதற்கடுத்த நொடியில்தான் நிஜமான இடி. நாலாம் அத்தியாயத்திலும் அதே வரி. ஜனங்கள் வாயால் சொல்வதற்கு நேர் எதிராக ஓட்டுப் போடவில்லை. நான்தான் நேர் எதிராக எண்ணியிருக்கிறேன். இரண்டு வருட உழைப்பு அந்த மேடையில் என் கண்முன்னே தலைகீழாகத் தொங்கியது. ஹெலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். நடத்துநர் இரக்கத்தோடு, "நேரமாகிவிட்டது" என்றார். இன்னும் எட்டு நிமிடம் பாக்கி இருந்தது.

மதியச் சாப்பாட்டில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. அந்தக் கம்பளிப் பெண்மணி மட்டும் வந்து, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு ஒரு பிஸ்கட்டை என் தட்டில் வைத்துவிட்டுப் போனார். நான் அழாமல் இருந்ததற்கு ஒரே காரணம், கழற்ற மறந்த மைக்.

அன்று சிட்னியிலேயே, வெஸ்ட்மீட்டில் என் சித்தி பெண் சுதா வீட்டில் தங்கினேன். அங்கே மருத்துவமனையில் வேலை செய்கிறாள். சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்த என்னைப் பார்த்து, "என்னக்கா ஆச்சு? யாராவது செத்துட்டாங்களா?" என்றாள்.

"இல்ல."

"சாகற மாதிரி இருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப எழுந்து சாப்பிடு."

"சுதா, அந்தோணிப்பிள்ளை அங்கிள் தோத்துட்டாரு."

"எனக்கு அவர் யாருன்னே தெரியாதுக்கா. ரசம் ஊத்தட்டுமா?"

படிப்பு போனதுகூட அப்போது இரண்டாம்பட்சமாகத்தான் தோன்றியது. 'எனக்கு இது காணும்' என்று அழுத மனிதரிடம் போய், 'உங்களுக்கு அதுவும் இல்லை' என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே விட்டுவிடலாம் என்று விமானத்தில் பாதி வழி வரை முடிவு செய்திருந்தேன். ஒலிபெருக்கி நன்றாகத்தானே வேலை செய்கிறது? ஆனால் ரஞ்சனிக்கு என்ன பதில் சொல்வது? தவிர, ஓட்டுகளைச் சரியாக எண்ணுவது எப்படி என்றுதானே நான் பட்டம் வாங்கப்போகிறேன்? மீதி வழியில் மடிக்கணினியைத் திறந்து ஏழு முறை சரியாக எண்ணிப் பார்த்தேன். ஏழு முறையும் ஒரே விடை. அது நினைத்ததைவிட மோசமாக இருந்தது.

சனிக்கிழமை அங்கிள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் மேசை நிறைய கோப்புகள், ஒவ்வொன்றிலும் அழகான கையெழுத்தில் தலைப்பு.

"வாங்கோ பிள்ளை, கதிரையில இருங்கோ. முதியோர் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுறன்."

நான் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு மறந்துவிட்டது. "அங்கிள், நான் தலைகீழா எண்ணிட்டேன்" என்று மட்டும்தான் வந்தது. பிறகு எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன்.

அவர் பேனாவை மூடினார். சுற்றுலாக் கோப்பையும் மூடினார்.

"அப்ப எனக்கு எத்தினை ஒண்டு விழுந்தது?"

"எண்ணிப் பார்க்கல அங்கிள்," என்று பொய் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார். "வாக்கு எண்ணினதில பிழை எண்டால் பதினாலு நாளுக்குள்ள பொதுக்கூட்டம் கூட்டோணும். கூட்டவேண்டியது தலைவர். இண்டைக்கு நான்தான் தலைவர். ஆனபடியால் நான்தான் கூட்டோணும்."

தன் பதவியைப் பறிக்கும் கூட்டத்துக்கு அவரே அங்கேயே உட்கார்ந்து அறிவிப்பு எழுதினார். அதுதான் அவருடைய ஆட்சியின் கடைசி உத்தரவு. நான் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அன்ரி எட்டிப் பார்த்து, "பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். ஒரு வாரமாக நான் கேட்காத கனிவு அந்தக் குரலில் இருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு வந்த கூட்டம் மன்றம் அதுவரை பார்க்காதது. நான் மன்னிப்புக் கேட்டேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை, எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டதைத் தாங்க முடியவில்லை. அங்கிள், "கணினி வேண்டாம், ஒவ்வொரு சீட்டும் உரக்க வாசிக்கப்படோணும்" என்றார். நான் மன்றாடினேன், கேட்கவில்லை. விதி எண்டால் விதி. ஆக, ரஞ்சனி சீட்டுகளை வாசிக்க, நான் வெள்ளைப் பலகையில் குறித்தேன்.

"அந்தோணிப்பிள்ளை, நாலு. அந்தோணிப்பிள்ளை, நாலு. நாலு. நாலு..." ரஞ்சனியின் குரல் போகப் போகத் தேய்ந்தது. பழுதுபார்த்த ஒலிபெருக்கி ஒவ்வொரு நாலையும் மணி மணியாகச் சொன்னது. அங்கிள் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரே ஒரு சீட்டு: "அந்தோணிப்பிள்ளை, ஒன்று." ஹாலே ஆறுதல் அடைந்து அடுத்த ஒன்றுக்குக் காத்திருந்தது. வரவில்லை. சீட்டுகள் தீர்ந்துவிட்டன.

ஒரு ஒன்று. வீட்டில் இரண்டு பேர்.

அங்கிள் மெதுவாகத் திரும்பி ஸ்டெல்லா அன்ரியைப் பார்த்தார். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்ரி கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு எழுந்தேவிட்டார்.

"ஓம், நான்தான் நாலு போட்டனான். நாலு வருஷமும் கையைத் தூக்கினனான். எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கேக்க தூக்காமல் என்ன செய்யிறது? இந்தப் பிள்ளைதான் ரகசியமாப் போடலாமெண்டு சொன்னது. வீட்டில ஒரு நாளைக்கு எத்தினை அறிக்கை வாசிக்கிறார் எண்டு உங்களுக்கென்ன தெரியும்?"

அங்கிள் எழுந்தார். விதிப்புத்தகத்தை உயர்த்திப் பிடித்தார்.

"ஸ்டெல்லா, தன்ர வாக்கை ஆருக்குப் போட்டனான் எண்டு கூட்டத்தில சொல்லுறது விதிக்கு மாறு. இரும்!"

அவ்வளவுதான். ஹால் வெடித்தது. சிரித்துச் சிரித்து ரஞ்சனி மைக்கைக் கீழே போட்டுவிட்டார். முதலில் விறைப்பாக நின்ற அங்கிளின் உதடும் ஓரத்தில் துடித்தது. சிரிப்பு அடங்கி, ரஞ்சனியைத் தலைவராக அறிவித்ததும் அன்ரியே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: இனி எப்போதும் மன்றத்தின் தேர்தல் அதிகாரி அந்தோணிப்பிள்ளைதான். தேர்தல் அதிகாரி தேர்தலில் நிற்க முடியாது என்று விதியில் இருப்பது அன்ரிக்குத் தெரியும். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னார்கள். அத்தனை கையும் உயர்ந்தது. அங்கிள் எண்ணத் தொடங்கினார். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி எண்ணினார்.

எனக்கு அப்படி நல்ல முடிவொன்றும் வாய்க்கவில்லை. நாலாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். புதிய முடிவு: ஜனங்கள் யாரைப் பிடிக்கும் என்று சொல்கிறார்களோ, அவருக்கே ஓட்டுப் போடுகிறார்கள். "உண்மைதான்," என்றார் ஹெலன், "ஆனால் இதைத் தெரிந்துகொள்ள யார் காத்திருக்கிறார்கள்?" இன்னும் இரண்டு வருடம் பிரிண்டர் அறையில் கழிந்தது. அந்த இரண்டு வருடமும் காலையில் படுக்கையில் கிடந்தபடி, இன்றைக்கு எழத்தான் வேண்டுமா என்று யோசித்திருக்கிறேன். பட்டம் கிடைத்தபோது சந்தோஷப்படும் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

ஆனால் சரவணனுக்கு ஒரு வேடிக்கை மிச்சமானது. அன்றிலிருந்து நான் எந்தத் தாளைக் கொடுத்தாலும் அதைத் தலைகீழாகத் திருப்பிப் படித்துவிட்டு, "சரிதான், ரெண்டு பக்கமும் பார்த்துட்டேன்" என்பார். மளிகைப் பட்டியலையும் அப்படித்தான் பார்ப்பார். என் பட்டத்தையும் அப்படித்தான் பார்த்தார். பிறகு பிறந்த எங்கள் மகள் நிலா இதைப் பார்த்தே வளர்ந்தாள்.

போன மாதம் அவளுடைய வகுப்பு ஆசிரியை போன் செய்தார். மிகுந்த தயக்கத்தோடு, "நிலாவுக்குக் கண் பரிசோதனை செய்திருக்கிறீர்களா? எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறாள். கேட்டால், எங்கள் வீட்டில் அப்படித்தான் என்கிறாள்" என்றார்.

"அவள் கண்ணில் கோளாறு இல்லைங்க," என்றேன். "அவள் அம்மா ஒரு ஆராய்ச்சியாளர்."